வேர் இணைப்பு பார்க்கப்பட்டது

நகரப் பூங்காத் துறையின் மர ஆய்வாளரின் மேசைக்கு அன்று காலை வந்த உறைக்குள் ஒரு கடிதமும் ஓர் இலையும் இருந்தன. கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே இலை நழுவி மேசையில் விழுந்தது. அத்தி இலை உள்ளங்கை அகலம் இருக்க வேண்டும். இதுவோ வெட்டிப் போட்ட நகத்துண்டு போலக் குறுகி, ஓரம் சுருண்டு, வெளிறிக் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. அதன் பிறகு கடிதத்தைப் படித்ததெல்லாம், தனக்குத் தெரிந்தது தப்பாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில்தான்.

எழுதியிருந்தவர் பொது நூலகத்தின் நூலகர். பின்முற்றத்துப் பெரிய அத்திமரம் மூன்று வாரங்களாக வாடிவருகிறது. கிழக்குப் பக்கக் கிளைகள் மொட்டையாகிவிட்டன. யாரோ மரத்துக்கு விஷம் வைத்திருக்கிறார்கள் என்று வாசகர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு நூலகத் தோட்டக்காரரைச் சுற்றி வருகிறது. நேரில் ஆய்ந்து அறிக்கை அளித்தால் அவரைப் பணியில் தொடரவிடுவதா, விலக்குவதா என்று முடிவு செய்ய ஏதுவாக இருக்கும்.

அந்தத் தோட்டக்காரர் அவளுடைய அக்காவின் கணவர். ஒரே வீட்டில், மாடியில் அவள், கீழே அவர்கள். கடந்த பத்து நாட்களாக மாமா வீட்டில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்துப் பேசியதற்கு இப்போதுதான் அவளுக்குக் காரணம் தெரிந்தது.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனாள். "சார், இத வேற யாருக்காவது குடுத்துடுங்க. அவர் எங்க மாமா."

மேலதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடிதத்தைப் பார்த்தார். "மாமாவா இருந்தா என்ன? நீ சொந்தம் பாக்காம எழுதுவேன்னு ஊருக்கே தெரியும். ஒட்டு மேடம் சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் உண்டா? போய்ட்டு வா."

ஒட்டு மேடம் என்பது துறையில் அவளுக்கு வழங்கிய பெயர். மரங்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் விந்தைகளை அவள் பதினைந்து ஆண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்துவந்தாள். இரும்பு வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்ட மரம், பக்கத்து மரத்தின் கிளையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு கைப்பிடி வைத்த கூடை போல நின்ற இரட்டை மரம், முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்த மரம். அத்தனை படங்களிலும் மரத்துக்கு அருகில் ஓர் ஆள் விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். மரம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. அந்த ஆள் மாமாதான். விடுமுறை நாட்களில் ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவளோடு கிளம்புவார். "எல்லாரும் மரத்தப் பாப்பாங்க, என்ன எவன் பாக்கப் போறான்" என்று சொல்லிக்கொண்டே தலையைச் சீவிக்கொள்வார்.

ஏழு வாரங்களுக்கு முன் நடந்தது இது.

நூலகப் பின்முற்றத்தில் அப்போது இரண்டு அத்திமரங்கள் நின்றன. கிழக்கோரத்து மரம் வாசிப்புக் கூடத்தின் கூரைமேல் சாய்ந்துவிட்டதால் அதை வெட்ட உத்தரவாகி, அவள் மேற்பார்வைக்குப் போயிருந்தாள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை திரும்பத் துளிர்க்காமலிருக்க, ஈரம் காயுமுன் அதன் விளிம்பில் மருந்து பூசுவது வழக்கம். பூசிய இடமும் பூசாத இடமும் தெரிவதற்காக அந்த மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கும். மருந்து ஏறிய மரத்தில் புது இலைகள் குறுகி, வெளிறித்தான் பிறக்கும். ஆனால் பூசுவதற்கு முன்பு செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. பக்கத்தில் அதே இனத்து மரம் இருந்தால், இரண்டின் வேர்களும் மண்ணுக்குள் பல்லாண்டுகளாக நெருக்கியடித்து, உரசிய இடத்தில் பட்டை தேய்ந்து, சதையோடு சதை கூடி ஒரே வேராகியிருக்கக்கூடும். அப்படியானால் இதற்கு வைத்த மருந்து அதன் உடம்புக்கும் போகும். ஆகையால் இரண்டுக்கும் நடுவில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் பார்க்க வேண்டும். வேர் கூடியிருந்தால் மருந்தைத் தொடக் கூடாது, கட்டையை இயந்திரத்தால் அரைத்தெடுக்க வேண்டும். இதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'வேர் இணைப்பு பார்க்கப்பட்டதா?' இந்தக் கட்டம் படிவத்தில் இல்லாதிருந்த காலத்தில், அலுவலகத்தில் நான்கு கூட்டங்களில் நின்று வாதாடி அதைச் சேர்க்க வைத்தவள் அவளேதான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவளுக்கு ஓர் உரை இருந்தது. நகர மண்டபத்தில், நூற்றைம்பது பேருக்கு முன்னால். தலைப்பு: 'தாமே ஒட்டும் மரங்கள்'.

மரம் வெட்டுபவர் ரம்பத்தை அணைத்துவிட்டு, "மேடம், நடுவுல தோண்டிப் பாக்கணுமே, கல்லப் பேத்துடட்டா?" என்று கேட்டார். மணி மூன்றே முக்கால். முற்றம் முழுக்கக் கல் பாவியிருந்தது. பெயர்த்துத் தோண்டி மூடுவதற்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். அவள் தலைமுடியில் மரத்தூள். புடவை மாற்ற வேண்டும். "பாத்தாச்சு" என்றாள். படிவத்தில் 'பார்க்கப்பட்டது' என்ற இடத்தில் சிறு கோடு இழுத்தாள். தூரிகையை வாங்கித் தன் கையாலேயே விளிம்பைச் சுற்றி நீலத்தைப் பூசிவிட்டுக் கிளம்பினாள்.

உரை அருமையாக நடந்தது. மாமா படத்துக்குப் படம் திரையில் வந்து நிற்க, சபை சிரித்துச் சிரித்து அவரோடு பழகிவிட்டது. கடைசிப் படம் ஓர் அடிக்கட்டை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டது. இலை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் சாகாமல், வெட்டுவாயைச் சுற்றிப் பட்டை உதடு போலப் புரண்டு வந்து ஏறக்குறைய மூடிக்கொண்டிருந்தது. "இது எப்படி உயிரோட இருக்கு?" என்று அவள் சபையைக் கேட்டாள். பிறகு தானே பதிலும் சொன்னாள்: பக்கத்து மரம் வேர் வழியாக ஊட்டுகிறது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் கைகுலுக்கும்போது, "விரல்ல என்னம்மா, மையா?" என்று கேட்டார். நகக்கண்ணில் நீலம். அவள் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கடைசிப் படத்து அடிக்கட்டை இருந்ததும் அதே நூலகப் பின்முற்றத்தில்தான். பெரிய மரத்துக்கு மேற்கே. அந்த மண்ணில் வேர்கள் கைகோத்திருக்கின்றன என்பதற்கான சாட்சியைத் தன் கையாலேயே படமெடுத்து, திரையில் போட்டுக் காட்டி, கைதட்டலும் வாங்கினாள். அந்த உரை தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கிழக்கே மருந்தைப் பூசியிருந்தாள்.

*

அவள் முற்றத்துக்குள் நுழைந்தபோது மாமா பூச்செடிப் பாத்தியில் குந்தியிருந்தார். எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா பாப்பா! உன்னத்தான் அனுப்புவாங்கன்னு சொன்னேன், கேட்டாங்களா? இவங்ககிட்ட நீயே சொல்லு. எனக்கும் இந்த மரத்துக்கும் வாய்ச்சண்டதான். கைகலப்பு கிடையாது."

அவர் 'இவங்க' என்றது கல் இருக்கையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த முதியவரை. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர்; வேலையிலிருந்த காலத்திலிருந்தே தினமும் காலையில் மரத்தடியில் உட்கார்ந்து தலையங்கத்தை உரக்கப் படிப்பார், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாசகர்கள் அவருக்குத் தலையங்கம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

"வாய்ச்சண்டையா?" என்றார் தலையங்கம். "'பழத்தக் கொட்டிக் கொட்டி என் பாத்தியக் கெடுக்குற, உனக்கு ஒரு நாள் மருந்து வெக்கிறேன் இரு'ன்னு நீ சொன்னத இந்த ரெண்டு காதால கேட்டேன்."

"கேட்டீங்க. அதுக்கு முந்தின நாள், சத்தமாப் படிச்சா உங்கள தண்ணிக் குழாயால அடிக்கிறேன்னு சொன்னேன், அதயும் கேட்டீங்க. நனைஞ்சீங்களா?"

தலையங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே மரத்தை நிமிர்ந்து பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். பதினைந்து நாட்களுக்கு முன்புவரை இதே பேச்சுக்கு முற்றமே சிரித்திருக்கும். இப்போது, தூரத்து இருக்கையிலிருந்த இரண்டு பெண்கள் மாமாவைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

நூலகர் வந்தார், ஒவ்வொரு சொல்லையும் பட்டியலில் சரிபார்த்துவிட்டு வெளியே விடுபவர் போன்ற பெண்மணி. "கொட்டகையில ஒரு பாட்டில் இருந்துச்சு. பாதி காலி. எறும்பு மருந்துன்னு சொல்றார். நான் யாரையும் குத்தம் சொல்லல. வாய்ப்பேச்ச வெச்சு ஒருத்தரோட வேலைய நான் எடுக்கவும் மாட்டேன், காப்பாத்தவும் மாட்டேன். எனக்கு எழுத்துல ஒரு காரணம் வேணும். நாளைக்குள்ள கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றாள் அவள்.

மரத்தின் கிழக்குப் பக்கம், வெட்டிய கட்டையை நோக்கிய பக்கம், முற்றாகக் காய்ந்திருந்தது. நடுக்கிளைகளின் நுனிகளில் நகத்துண்டு இலைகள் கொத்துக் கொத்தாகத் துடைப்பம் போலக் கிளம்பியிருந்தன. மேற்குப் பக்கம் மட்டும் இன்னும் பசுமை. யாருக்கு எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், படிக்கத் தெரிந்த அவள் கண்ணுக்கு மரம் கிழக்கிலிருந்து மேற்காக ஒரே வாக்கியமாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் போகாமல், மாமாவின் பாத்தியோரத்தில் குனிந்து நாலு பையில் மண் எடுத்தாள். எதற்கும் உதவாத மண். மாமா பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

படமெடுக்கக் கைபேசியைத் தூக்கியபோது, யாரும் சொல்லாமலே அவர் நடந்து போய் மரத்துக்கு அருகில் கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார்.

"சிரிக்கவா, வேணாமா?" என்று கேட்டார். "நான்தான் சந்தேகப்பட்ட ஆளு. சிரிச்சா தப்பா நெனப்பாங்களோ?"

"சும்மா நில்லுங்க மாமா."

"உனக்கு என்ன தோணுது, சொல்லேன்."

"மண்ணப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

அவர் தலையை ஆட்டினார். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்கிற நோயாளியின் தலையாட்டல்.

*

அன்று மாலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டு மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"பதினோரு வருஷம் அந்த முத்தத்தப் பெருக்கி, தண்ணி விட்டு, அவங்க துப்புன கொட்டையெல்லாம் பொறுக்கிப் போட்ட மனுஷன். இன்னிக்கு கடைக்காரம்மா கேக்குறா, 'உங்க வீட்டுக்காரர் மரத்தக் கொன்னுட்டாராமே'ன்னு. நான் சொன்னேன், அவரு ஒரு கொசுவ அடிக்கக்கூட மூணு தடவ யோசிப்பாரு, மூணாவது தடவ கொசு பறந்துடும்னு. ஏண்டி, நீ நேர்ல பாத்துட்டு வந்தியே, வாயத் திறந்து சொல்லேன்."

அவள் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

மாமா மேசைவிரிப்பின் ஓர நூலை நீவிக்கொண்டிருந்தார். "பாப்பா, நான் ஒண்ணு கேக்கட்டா? அந்த எறும்பு மருந்து. போன மாசம் எறும்பு ஜாஸ்தியா இருந்துச்சு. வேர் ஓரமா ஊத்துனேன். அளவெல்லாம் பாக்கல, கை போன போக்குல ஊத்திட்டேன். ரெண்டு நாளா அதே நெனப்பா இருக்கு. அதுவா இருக்குமோ?"

எறும்பு மருந்துக்கு எந்த மரமும் சாகாது. பூங்காத் துறையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். 'இல்ல மாமா' என்ற இரண்டே சொற்கள் போதும். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே அவரை விடுவித்திருக்கலாம். ஆனால் அது இல்லையென்றால், பிறகு எது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க அவளுக்குக் கால் இல்லை.

"இருக்கலாம் மாமா" என்றாள். "சில சமயம் அப்படியும் ஆகும்."

அக்காவின் கையில் மடிப்பு பாதியில் நின்றது. மாமா நூலை நீவுவதை விட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ கொண்டுவந்து கொடுத்த பொருளைப் பார்ப்பது போல. கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அப்ப நான்தான்" என்றார் மெதுவாக. "நல்லவேள நீ சொன்ன. அவங்க சொல்லும்போதெல்லாம் எதுத்து எதுத்துப் பேசிட்டேன். தலையங்கத்தப் போயி... பாவம், நாப்பது வருஷமா அந்த நெழல்ல உக்காந்து படிக்கிறாரு." சற்றுப் பொறுத்து, "ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடு பாப்பா. எனக்கு எழுதத் தெரிஞ்சாலும் கோர்வையா வராது. உனக்குன்னா சரளமா வரும்" என்றார்.

அவள் எழுதினாள். எழுதாமல் எழுந்து போயிருக்க அவளுக்கு ஆயிரம் சாக்குகள் இருந்தன. ஒன்றும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. 'செய்ய வேண்டிய முறைப்படி செய்யாமல் என் கவனக்குறைவால் மரத்துக்குக் கேடு விளைவித்துவிட்டேன். விளைவை யோசிக்காமல் மருந்தைப் பயன்படுத்தியது என் பிழை. இதை உடனே ஒப்புக்கொள்ளாமல் இருந்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.' பேனா எங்கும் தயங்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அடியில் வரவேண்டிய பெயர் ஒன்றுதான் மாறியிருந்தது. மாமா படித்துப் பார்த்தார். "அச்சு அசலா என் மனசுல இருக்குறத எழுதியிருக்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

*

மறுநாள் காலை அறிக்கை எழுதுவதற்காக அலுவலகத்தில் படங்களைத் திறந்தாள். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிப் படத்தில் நிற்பது முறையில்லை என்று தோன்றியதால், மாமாவைப் படத்திலிருந்து வெட்டியெடுக்க முயன்றாள். வெட்டிய பிறகு மிஞ்சிய மரம் ஏதோ தொட்டிச் செடி போலவும் இருந்தது, மலை போலவும் இருந்தது. எவ்வளவு பெரியது என்று எதைக்கொண்டும் சொல்ல முடியவில்லை. திரும்ப அவரைக் கொண்டுவந்தாள். இடப்பக்கம் நீல விளிம்பு மங்கிய புதுக்கட்டை. வலப்பக்கம் பட்டை மூடிய பழைய கட்டை. நடுவில் மாமா, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு, சொன்னபடி சும்மா நின்றுகொண்டிருந்தார்.

அவள் கணினியை மூடாமலே எழுந்தாள்.

நூலகத்துக்கு வந்து சேர்ந்தபோது, மாமா நூலகரின் அறை வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தார். பையில் கடிதத்தின் முனை தெரிந்தது.

"மாமா, அதக் குடுக்காதீங்க. மண்வெட்டிய எடுத்துட்டு வாங்க. கடப்பாரையும்."

"எதுக்கு? வெள்ளச் சட்ட போட்டிருக்கேம்மா."

"நான் தோண்டுறேன். நீங்க கல்லப் பேத்து மட்டும் குடுங்க."

அவர் கேட்கவில்லை, சட்டையைக் கழற்றிக் கல் இருக்கையில் மடித்து வைத்துவிட்டுத் தானே இறங்கினார். தன் எறும்பு மருந்து எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் அவள் தோண்டச் சொல்கிறாள் என்பது அவர் நினைப்பு. அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும், "இங்கயும் ஊத்துனேனா? இவ்ளோ தூரம் ஊத்தலியே" என்று முனகிக்கொண்டே தோண்டினார். சத்தம் கேட்டு நூலகர் வந்தார். தலையங்கம் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார். புதுக்கட்டைக்கும் பெரிய மரத்துக்கும் நடுவே, முழங்கால் ஆழத்தில், மண்வெட்டி நின்றது.

அவள் பள்ளத்தில் இறங்கிக் கையால் மண்ணை விலக்கினாள். முழங்கை தடிமனில் ஒரு வேர், கட்டையிலிருந்து புறப்பட்டு மரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நடுவில் ஒரு புடைப்பு, எப்போதோ முறிந்து கூடிய எலும்பின் கணு மாதிரி. அதற்கு இந்தப் பக்கம் எந்த மரத்தின் வேர், அந்தப் பக்கம் எந்த மரத்தின் வேர் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கைரம்பத்தால் அதை அறுத்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய உட்சதையில் பழுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடியிருந்தன.

"இந்த வழியாத்தான் போயிருக்கு" என்றாள். குரல் பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிட்டதால், நிமிர்ந்து மறுபடி சொன்னாள். "அந்த மரத்த வெட்டுன அன்னிக்கு கட்டையில நான் பூசுன மருந்து இந்த வேர் வழியாப் பெரிய மரத்துக்குப் போயிருக்கு. பூசுறதுக்கு முன்னாடி இங்க தோண்டிப் பாத்திருக்கணும். பாக்கல. பாத்தேன்னு படிவத்துல எழுதிட்டு, இதே மாதிரி வேரப் பத்திப் பேசுறதுக்குக் கூட்டத்துக்குப் போய்ட்டேன். எறும்பு மருந்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மாமா ஒண்ணும் பண்ணல."

தலையங்கம் தன்னையறியாமல் மாமாவின் மடித்த சட்டையை எடுத்து, மண் படாமல் கையில் வைத்துக்கொண்டார்.

மாமா மண்வெட்டியின் பிடியில் சாய்ந்து நின்றார். முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதிதான். முழுதாகப் பரவுவதற்குள் அது எங்கோ தட்டி நின்றது.

"இத எப்பக் கண்டுபிடிச்ச?"

"நேத்து காலையில. இலையப் பாத்ததுமே."

"நேத்து சாயங்காலம் டீ குடிக்கும்போது தெரியுமா?"

"தெரியும்."

"நான் கேக்கும்போது?"

"தெரியும் மாமா."

அவர் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. பக்குவமாக மரத்தில் சாய்த்து வைத்தார். பையிலிருந்த கடிதம் சட்டையோடு தலையங்கத்தின் கையில் இருப்பது நினைவு வந்து, அதை வாங்கி எடுத்து, அவளிடம் நீட்டினார். "இது உன்னோடது" என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்கிற குரல். அதனாலேயே அவளால் நிமிர முடியவில்லை.

*

அறிக்கையை அங்கேயே, கல் இருக்கையில் உட்கார்ந்து எழுதினாள். காரணம், வேர் இணைப்பு வழியே மருந்து பரவியது. பொறுப்பு, ஆய்வு செய்யாமலே செய்ததாகப் பதிவு செய்த மர ஆய்வாளர். தோட்டக்காரர் மீது எவ்விதத் தவறும் இல்லை. வேர் இப்போது துண்டிக்கப்பட்டுள்ளது. மேற்குப் பக்கம் பிழைக்க வாய்ப்புண்டு. கிழக்குப் பக்கம் பிழைக்காது. ஒரு பிரதி அலுவலகத்துக்கு. ஒரு பிரதியை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி அவளே நூலகரைக் கேட்டுக்கொண்டாள். மேலதிகாரி என்ன சொல்வார், ஒட்டு மேடம் என்று இனி எந்தச் சிரிப்போடு அழைப்பார்கள் என்பதெல்லாம் மனதில் வந்துபோயின. அவற்றுக்கான கூச்சம் பின்னால் வரட்டும் என்று ஒதுக்கினாள். முன்னால் நிற்பதே போதுமானதாக இருந்தது.

பலகையில் ஒட்டிய தாளைத் தலையங்கம் சும்மா விடுவாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முற்றத்திலிருந்த வாசகர்கள் அத்தனை பேரும் திரும்பும்படி, தனக்கே உரிய ஏற்ற இறக்கத்தோடு படிக்கத் தொடங்கினார். 'ஆய்வு செய்யாமலே' என்ற இடத்தில் குரல் உயர்ந்தது. 'எவ்விதத் தவறும் இல்லை' என்ற இடத்தில் ஒரு நிறுத்தம் கொடுத்து மாமாவைப் பார்த்துத் தலைவணங்கினார். நேற்று முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து மாமாவிடம் ஏதோ சொன்னாள். அவர் கூச்சத்தோடு கையை ஆட்டினார். அறிக்கையை எழுதியவளோ தன்னுடைய வாக்கியங்களைப் பிறர் வாயால் கேட்டபடி, நடுமுற்றத்தில், ஓடவும் ஒளியவும் இடமின்றி நின்றாள்.

படித்து முடிந்ததும் மாமா அருகில் வந்தார்.

"மேடம்" என்றார்.

அவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. திருமணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாள் முதல் அவர் அவளை வேறெந்தப் பெயராலும் அழைத்ததில்லை, பாப்பா, பாப்பாதான்.

"நேத்து சாயங்காலம் நடந்தது இதுல இல்லையே."

"அது... அது வீட்டு விஷயம் மாமா. இது ஆபீஸ் அறிக்கை."

"இங்க இருக்குற எல்லாரும் நான்தான்னு சொன்னாங்க. பதினஞ்சு நாளு சொன்னாங்க. நான் நம்பல. சிரிச்சுக்கிட்டே சுத்துனேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நீ இருக்கலாம்னு ஒரு வார்த்த சொன்ன. அதுக்கு அப்புறம்தான் நம்புனேன். ராத்திரி முழுக்க நான் கொலகாரனா இருந்தேன். அது எழுத வேண்டிய விஷயம் இல்லன்னு உனக்குத் தோணுனா, விட்டுடு."

அவர் தண்ணீர்க் குழாயைச் சுருள் பிரித்து இழுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போனார். வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்கு அவர் உட்காரும் இடம் அந்தப் பழைய அடிக்கட்டைதான். இப்போது அதன் பட்டை உதட்டில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியிருந்தது. அவர் அதன்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கும் தண்ணீர் விட்டார்.

அவள் பலகையிலிருந்து தாளைக் கழற்றினாள். கீழே மிஞ்சியிருந்த இடத்தில் எழுதினாள்: 'உண்மை எனக்குத் தெரிந்திருந்தும், தோட்டக்காரர் நேரில் கேட்டபோது, தவறு அவருடையதாக இருக்கலாம் என்று சொன்னேன். அவர் பெயரில் மன்னிப்புக் கடிதத்தையும் நானே எழுதி, கையெழுத்து வாங்கினேன்.' இந்த இரண்டு வாக்கியங்களை எழுத, முழு அறிக்கைக்கும் ஆனதைவிட அதிக நேரம் ஆயிற்று. திரும்ப ஒட்டினாள்.

"சேத்திருக்கியாம்மா?" என்று தலையங்கம் ஆவலாகக் கிட்டே வந்தார். உரக்க ஆரம்பித்தார், முதல் வாக்கியத்தின் பாதியில் குரல் இறங்கியது. நாற்பது வருடம் அந்த மரத்தடியில் எதையும் மெதுவாகப் படித்தறியாத மனிதர், மீதியை உதடு மட்டும் அசையப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அவள் பக்கம் பார்க்காமல், தன் இருக்கைக்குப் போய்விட்டார்.

ஆவணத்துக்கு அறுத்த வேரின் படம் வேண்டும். அவள் பள்ளத்தருகே போய்க் கைபேசியை எடுத்தாள். பழக்கத்தில் ஒரு கணம் காத்திருந்தாள். மேற்குப் பக்கத்தில் தண்ணீர் விழும் ஓசை நிற்கவில்லை. யாரும் வந்து நிற்கவில்லை. திரையில் வேர் வெறும் வேராக இருந்தது. எவ்வளவு பெரியதென்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

அவள் பள்ளத்தில் இறங்கி, மண் அப்பிய இடக்கையை அறுத்த வேரின் அருகில் விரித்து வைத்தாள். வலக்கையால் படமெடுத்தாள்.